லிங்கனைப் பற்றி ஏழு நிமிடம்: பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் முறை

குமரி மாவட்டத்தில் எந்தப் பள்ளியிலாவது பேச்சுப் போட்டி என்று அறிவித்தால் ஆபிரகாம் லிங்கன் எப்படியும் மேடையேறிவிடுவார். அவரோடு மூன்று சமாச்சாரங்களும் ஏறிவிடும். மகனுடைய ஆசிரியருக்கு எழுதிய கடிதம், செருப்பு தைத்தவர் மகன் என்று செனட்டில் ஒருவர் கேலி செய்த கதை, தோற்றுத் தோற்றுக் கடைசியில் ஜனாதிபதியான பட்டியல். நாலு பிள்ளைகள் அடுத்தடுத்து இதையே சொன்னால் ஐந்தாவது பிள்ளை வாயைத் திறக்கும்போதே நடுவர் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

இந்தக் குறிப்புகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரிவரை பேசப் போகிறவர்களுக்கும், அவர்களைப் பழக்குகிற ஆசிரியர், பெற்றோருக்கும். லிங்கன் ஜனாதிபதியாக இருந்தது நான்கு வருடமும் சில வாரங்களும்தான். வக்கீலாக இருந்தது ஏறக்குறைய இருபத்து நான்கு வருடம். பேச்சின் நடுத்தூணாக அந்த இருபத்து நான்கை நட்டால் ஏழு நிமிடமும் நிற்கும்.

முதலில் களை பிடுங்க வேண்டும்

ஆசிரியருக்கு எழுதிய கடிதம் லிங்கன் எழுதியதல்ல. அவருடைய கடிதங்களையும் உரைகளையும் திரட்டி 1953-ல் வெளியிட்ட பெரிய தொகுப்பில் அது இல்லை. அவர் கைப்பட எழுதிய மூலம் என்று எதையும் யாரும் காட்டியதும் இல்லை. நம் பள்ளிச் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதால் மட்டும் அது அவருடையதாகிவிடாது. நல்ல கடிதம்தான், வேண்டுமானால் வேறு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

செருப்புக் கதை விவரத்திலேயே உடைந்துபோகும். லிங்கனின் அப்பா தாமஸ் விவசாயி, தச்சு வேலையும் தெரிந்தவர். லிங்கன் ஒருநாளும் செனட் உறுப்பினராக இருந்ததில்லை, 1855-லும் 1858-லும் முயன்று இரண்டு முறையும் கிடைக்கவில்லை. கேலி நடந்ததாகக் கதை சொல்லும் முதல் பதவியேற்பு உரையை அவர் ஆற்றியது செனட்டுக்குள் அல்ல, 1861 மார்ச் 4 அன்று, நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே, திறந்த வெளியில்.

தோல்விப் பட்டியலில் இருக்கிற தோல்விகள் பலவும் நிஜம். கோளாறு, விட்டுப்போனவற்றில் இருக்கிறது. 1832-ல் இலினாய் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் தோற்றார் என்று சொல்லும் பட்டியல், 1834, 1836, 1838, 1840 என்று தொடர்ந்து நான்கு முறை ஜெயித்ததைச் சொல்லாது. 1856-ல் துணை ஜனாதிபதி வேட்பாளராகத் தோற்றார் என்று இருக்கும். உண்மையில் கட்சி மாநாட்டில் மற்றவர்கள் அவர் பெயரை முன்மொழிந்தார்கள், அவர் அதற்காக அலையவில்லை, அப்படியும் 110 ஓட்டு விழுந்தது. இதைத் தோல்வி என்றால் எதைத்தான் வெற்றி என்பது? பட்டியலைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால், தோல்வி ஒன்று, அதே காலத்து வெற்றி ஒன்று என்று ஜோடி போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அது புதிதாகவும் இருக்கும், பொய்யாகவும் இருக்காது.

வக்கீலைக் கட்டி நிறுத்துதல்

லிங்கன் பள்ளிக்கூடம் போன நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது. இதை அவரே எழுதியிருக்கிறார். சட்டக் கல்லூரிப் பக்கம் போனதே இல்லை. நியூ சேலம் என்ற சின்ன ஊரில் கூட்டாளியோடு கடை வைத்துக் கடனாளியானவர், தபால் அலுவலராக இருந்தவர், நிலம் அளந்தவர். இரவல் வாங்கிய சட்டப் புத்தகங்களைத் தனியாகப் படித்து 1836 செப்டம்பர் 9-ல் வக்கீல் உரிமம் பெற்றார். 1837 மார்ச் 1-ல் பெயர் பதிவானது. ஏப்ரல் மாதம் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தார். அதற்குள் அவர் சட்டமன்ற உறுப்பினர் ஆகியிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். வக்கீலாகப் பேர் வாங்கிவிட்டு அரசியலுக்கு வந்தார் என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பது பலரும் செய்கிற தவறு. இரண்டும் ஒரே காலத்தில், இரட்டை மாட்டு வண்டி போல ஓடியவை.

மூன்று கூட்டாளிகள் பெயர் தெரிந்தால் போதும்: ஜான் ஸ்டூவர்ட் 1841 வரை, ஸ்டீபன் லோகன் 1844 வரை, அதற்குப் பிறகு வில்லியம் ஹெர்ண்டன். மேடையில் மூன்றையும் சொல்ல வேண்டாம். நடுவர் கேட்டால் வாயில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து ‘எட்டாவது சர்க்யூட்’, லிங்கன் வாதாடப் போன கோர்ட்டுகளின் சுற்று. இதைச் சபைக்குப் புரிய வைக்க உள்ளூர் உவமை ஒன்றே போதும். நாகர்கோவில், இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை எல்லாக் கோர்ட்டுக்கும் ஒரே ஜட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் இரண்டு முறை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், அவர் ஊர் ஊராகப் போகிறார். வக்கீல்கள் குதிரையிலும் வண்டியிலும் பின்னாலேயே போகிறார்கள். ராத்திரி ஒரே சத்திரத்தில் ஜட்ஜும் வக்கீலும் படுக்கிறார்கள். சுற்றி முடிக்கப் பல வாரம் ஆகும். அந்த ஜட்ஜின் பெயர் டேவிட் டேவிஸ். 1860-ல் லிங்கனைக் கட்சி வேட்பாளராக்க மாநாட்டில் ஓடியாடி வேலை பார்த்தவரும் இவர்தான். சத்திரத்துப் பழக்கம் ஜனாதிபதி மாளிகைவரை எப்படிப் போனது என்று காட்ட இந்த ஒரு பெயர் போதும். இதை விட்டுவிட்டுப் பேசுகிற பிள்ளைகள் வக்கீல் வாழ்க்கையையும் அரசியலையும் ஒட்டவே மாட்டார்கள், பேச்சு நடுவில் இரண்டாகப் பிளந்து நிற்கும்.

வழக்குகள் 5,000-க்கும் மேல். பெரும்பாலானவை கடன் வசூல், நிலத் தகராறு மாதிரியான சாதாரணச் சங்கதிகள். ‘ஏழைகளுக்காக மட்டுமே வாதாடினார்’ என்று தப்பித் தவறியும் சொல்லக் கூடாது. இலினாய் சென்ட்ரல் ரயில்வே கம்பெனிக்கு வாதாடி ஜெயித்து, கம்பெனி ஃபீஸ் தர மறுத்ததும் அந்தக் கம்பெனி மீதே வழக்குப் போட்டு 1857-ல் 5,000 டாலருக்குத் தீர்ப்பு வாங்கியவர் அவர். ஃபீஸ் விஷயத்தில் வக்கீல் வக்கீல்தான். சபையில் நாலு வக்கீல்கள் இருந்தால் இந்த இடத்தில் சிரிப்பு நிச்சயம்.

மேடையில் விரித்துச் சொல்ல ஒரே ஒரு வழக்கை எடுங்கள். பஞ்சாங்க வழக்கு அதற்கென்றே செய்தது போல இருக்கும். 1857 ஆகஸ்ட் 29 இரவு ஒரு கொலை. குற்றம் சாட்டப்பட்டவன் டஃப் ஆர்ம்ஸ்ட்ராங், லிங்கனின் பழைய நண்பர் மகன். சார்ல்ஸ் ஆலன் என்ற சாட்சி, இரவு பதினொரு மணி வாக்கில், சுமார் 150 அடி தூரத்திலிருந்து, நிலா வெளிச்சத்தில் அடித்ததைப் பார்த்தேன் என்கிறார். 1858 மே மாதம் பியர்ட்ஸ்டவுனில் விசாரணை. லிங்கன் குறுக்கு விசாரணையில் அந்த நிலா வெளிச்சத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறார். அதற்குப் பிறகு அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டுகிறார். அந்த நேரத்தில் நிலா மறையும் தறுவாயில் அடிவானத்தை ஒட்டி இருந்தது. ஜூரி விடுவித்தது, லிங்கன் ஃபீஸ் வாங்கவில்லை.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். ‘அன்றைக்கு அமாவாசை’ என்று சொல்வது முதல் சறுக்கல். அது வளர்பிறைக் காலம், நிலா இருந்தது, தாழ இருந்தது. வழக்கின் ருசியே அதில்தான் இருக்கிறது. இரண்டாவது, பஞ்சாங்கத்தை முதலிலேயே சொல்லிவிடுவது. சாட்சி, தூரம், நிலா, மறுபடியும் நிலா, ஒரு மூச்சு இடைவெளி, பிறகு பஞ்சாங்கம். இந்த வரிசை மாறினால் கதை செத்தது. லிங்கன் போலிப் பஞ்சாங்கம் காட்டினார் என்ற பழைய வதந்தியைச் சில நடுவர்கள் கேட்பார்கள். வானியல் கணக்குப் போட்டுப் பார்த்ததிலும் நிலா அந்த நேரம் தாழ்ந்துதான் இருந்தது என்று பதில் சொல்லலாம்.

கல்லூரி மாணவர்கள் இன்னொரு ஜோடியையும் கையில் வைத்திருக்க வேண்டும். 1841-ல் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விற்றது செல்லாது என்று நிலைநாட்டிய வழக்கில் ஜெயித்தவர் லிங்கன். 1847-ல் மாட்சன் என்ற அடிமை முதலாளி, ஜேன் பிரையன்ட் என்ற பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் திரும்பக் கேட்ட வழக்கில், மாட்சனுக்காக நின்றவரும் லிங்கன்தான். அதில் தோற்றார், அந்தக் குடும்பம் விடுதலை பெற்றது. இரண்டையும் சொல்கிறவர் பேச்சை நடுவர் நம்புவார். முதலாவதை மட்டும் சொன்னால், விஷயம் தெரிந்த நடுவர் இரண்டாவதைக் கேட்டு முடக்கிவிடுவார்.

வருடங்களை ஊரோடு முடிச்சுப் போடுதல்

ஏழு நிமிடத்தில் ஏழு வருடங்களுக்கு மேல் சொன்னால் சபைக்கு ஒன்றும் நிற்காது. சொல்கிறதையும் நம் மண்ணில் கட்டிப் போட வேண்டும். லிங்கன் பிறந்தது 1809 பிப்ரவரி 12, கென்டக்கி மாநிலத்தில். அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜனவரி 11 அன்று, தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் குண்டறை விளம்பரத்தை வெளியிட்டார். இந்த மாவட்டத்துச் சபையில் 1809 என்றால் வெறும் எண், வேலுத்தம்பி என்றால் தலை நிமிரும்.

இன்னும் கனமான முடிச்சு ஒன்று உண்டு. 1854 அக்டோபரில் பியோரியா நகரில் அடிமை முறை பரவுவதை எதிர்த்து லிங்கன் மூன்று மணி நேரம் பேசினார். அவரைத் திரும்ப அரசியலுக்கு இழுத்து வந்தது அந்த விவகாரம்தான். அப்போது நாகர்கோவிலும் பத்மநாபபுரமும் திருவிதாங்கூரில் இருந்தன. இங்கேயும் நிலத்தோடு சேர்த்து மனிதர்களை விற்றார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அறிவிப்பு வந்தது 1855-ல். லிங்கனும், செனட் இடத்துக்கு அவரோடு போட்டியிட்ட ஸ்டீபன் டக்ளஸும் விவாதித்தது 1858-ல். மறு வருடம் 1859 ஜூலை 26-ல், தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அறிவிப்பு வந்தது, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அங்கே நடந்ததால் இங்கே நடந்தது என்று சொல்லக் கூடாது, அதற்கு ஆதாரம் இல்லை. ஒரே காலத்தில் இரண்டு ஊர், அவ்வளவே. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் ஒன்றரை நிமிடம் போய்விடும்.

வக்கீல் மூளை ஜனாதிபதியிடம் எப்படி வேலை செய்தது என்பதற்கு, தென் மாநிலங்கள் பிரிந்துபோய் நடந்த உள்நாட்டுப் போரின் நடுவே அடிமைகளை விடுவிக்க அவர் வெளியிட்ட 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனத்தைக் காட்டுங்கள். அதில் உருக்கமான வசனம் குறைவு. எந்தெந்த மாநிலம் கிளர்ச்சியில் இருக்கிறது, லூசியானாவில் எந்த 13 பகுதிகளுக்கு இது பொருந்தாது, வர்ஜீனியாவில் எந்தக் கவுண்டிகளுக்கு விலக்கு என்று, நம் கிரையப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல வரிசையாகப் போகும். காரணம் இருக்கிறது. ராணுவத் தலைவர் என்ற முறையில், போர்க்கால அதிகாரத்தை வைத்து அவர் அதை எழுதினார். ஐக்கிய அரசோடு நின்ற கென்டக்கி, மிசூரி, மேரிலாந்து, டெலவேர் மாநிலங்களில் அந்த அதிகாரம் நிற்காது என்று அவருக்குத் தெரியும். நாடு முழுக்க அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 13-ஆவது திருத்தத்தால், 1865 டிசம்பரில், அவர் கொல்லப்பட்டு எட்டு மாதம் கழித்து. ‘1863-ல் ஒரே கையெழுத்தில் எல்லா அடிமைகளையும் விடுதலை செய்தார்’ என்ற வாக்கியம் எந்தத் தாளில் இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

எழுதி, வெட்டி, அளத்தல்

மேடையில் நிதானமாகப் பேசுகிற பிள்ளை நிமிடத்துக்கு எண்பது தமிழ்ச் சொற்கள் சொல்லும். ஏழு நிமிடத்துக்கு 560 வரும். 520-ல் நிறுத்துங்கள். கைதட்டலும் மூச்சும் மீதியைத் தின்றுவிடும். வணக்கம் சொல்லவே முக்கால் நிமிடம் செலவழிப்பது நம் வட்டாரத்துப் பழைய வியாதி. ஒரே வரி வணக்கம் போதும், நேரே பஞ்சாங்க வழக்கில் இறங்கலாம். ஒன்றரை நிமிடத்தில் வழக்கு முடிய வேண்டும். பிறப்பும் படிப்பும் அரை நிமிடம். சர்க்யூட்டும் தொழிலும் இரண்டு நிமிடம். டக்ளஸோடு விவாதமும் 1860 தேர்தலும் ஒன்றரை. பிரகடனம் ஒன்று. மிச்சம் அரை நிமிடம் முடிவுக்கு. முதல் மணி அடிக்கும்போது பிரகடனத்துக்குள் நுழைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சர்க்யூட்டில் வெட்டுங்கள், வழக்கில் வெட்ட வேண்டாம்.

எழுதியதை அப்படியே மனப்பாடம் செய்ய விடாதீர்கள். ஒரு வரி மறந்தால் மொத்தமும் நின்றுபோவது இதனால்தான். தபால் அட்டை அளவில் ஆறு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு வருடம், ஒரு வினைச்சொல். ‘ஆலன், 1858, நீட்டினார்’ என்று இருந்தால் மீதி தானாக வரும்.

உச்சரிப்பில் இரண்டு சொற்கள் கவனம். அந்த மாநிலத்தின் பெயர் இலினாய், கடைசியில் ‘ஸ்’ கிடையாது. ஆர்கன்சா என்ற பெயரும் அப்படித்தான். ‘கவுண்டி’யை மாவட்டம் என்று மாற்றினால் அர்த்தம் சரிந்துவிடாது, ஆனால் பேச்சு முழுக்க ஒரே சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை விளவங்கோட்டுப் பக்கம் என்றால் பேச்சின் ராகத்தை மாற்றச் சொல்லி வதைக்க வேண்டாம். ‘ழ’ சுத்தமாக வருகிற நாக்கு அது.

டக்ளஸ் பயிற்சி

1858 ஆகஸ்ட் 21 முதல் அக்டோபர் 15 வரை லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் ஏழு ஊர்களில் விவாதித்தார்கள். முறை இதுதான்: முதலில் பேசுகிறவருக்கு 60 நிமிடம், அடுத்தவருக்கு 90, மறுபடி முதலாமவருக்கு 30. இதைப் பத்தில் ஒன்றாக்கினால் 6, 9, 3 நிமிடம். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, போட்டிக்கு முந்தைய வாரம் மூன்று நாள் இப்படிப் பழக்குங்கள். தலைப்பு லிங்கனாக இருக்க வேண்டியதில்லை, பேருந்துக் கட்டணமாகக்கூட இருக்கலாம். ஒன்பது நிமிடம் தாக்குப் பிடித்த பிள்ளைக்கு ஏழு நிமிடம் ஒரு பொருட்டே அல்ல. கடைசி மூன்று நிமிடத்தில்தான் பிள்ளைகள் சரிவார்கள். எதிராளி சொன்ன ஒன்றை மட்டும் எடுத்து அதற்குப் பதில் சொல்லப் பழக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் போனால் ஒன்றுக்கும் நேரம் இருக்காது.

விவாதத்தைப் பற்றி மேடையில் சொல்லும்போது, ‘மக்கள் ஓட்டுப் போட்டு லிங்கனைத் தோற்கடித்தார்கள்’ என்று வந்துவிடும். அப்போது செனட் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம், நம் மாநிலங்களவைத் தேர்தல் போல. சட்டமன்றத்தில் டக்ளஸுக்கு 54, லிங்கனுக்கு 46. இன்னொன்று: அந்த விவாதங்களில் ஒன்றில், சார்ல்ஸ்டன் என்ற ஊரில், வெள்ளையரும் கறுப்பரும் சமூகத்திலும் அரசியலிலும் சமம் ஆவதைத் தான் ஆதரிக்கவில்லை என்று லிங்கன் சொன்னார். இதைப் பேச்சில் வைப்பதா என்பது அவரவர் விருப்பம், கல்லூரி மேடையில் வைப்பதே நல்லது. கேள்வியாக வந்தால் மறுக்கக் கூடாது. 1860 நவம்பர் 6 தேர்தலைச் சொல்லும்போது நான்கு முனைப் போட்டி என்பதையும், சுமார் 40 சதவீத மக்கள் ஓட்டிலேயே, ஜனாதிபதியை முடிவு செய்கிற தேர்வாளர்களின் 303 ஓட்டில் 180 கிடைத்தது என்பதையும் சேர்த்தால் கணக்கு புரியும்.

நேசமணியை இழுப்பதா?

இந்த மாவட்டத்தில் வக்கீலிலிருந்து அரசியலுக்கு வந்தவர் என்றதும் மார்ஷல் நேசமணி நினைவுக்கு வருவார், வர வேண்டியதுதான். 1895 ஜூன் 12-ல் பள்ளியாடியில் பிறந்தவர், நாகர்கோவிலில் வக்கீல் தொழில் செய்தவர், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசை நடத்தியவர். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததில் அவர் பங்கு பெரிது. ஆனால் ‘குமரியின் லிங்கன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒருவர் பிரிந்துபோகிற மாநிலங்களைப் பிடித்து வைத்தவர், மற்றவர் ஒரு மாநிலத்திலிருந்து பிரிந்து இன்னொன்றோடு சேரப் போராடியவர். உவமை தலைகீழாகிவிடும். தொழிலை மட்டும் ஒப்பிட்டு ஒரு வாக்கியம், அதுவும் சர்க்யூட் பகுதியில். தேதியில் தவறினால் மன்னிப்பு கிடையாது. லிங்கன் தேதியை நடுவர் சரிபார்க்கப் போவதில்லை, நவம்பர் ஒன்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மேடை நாள்

மைக் வாயிலிருந்து நான்கு விரல் தூரம். அட்டைகள் இடது கையில், நெஞ்சுக்குக் கீழே. பஞ்சாங்கத்தை நீட்டும் இடத்தில் வலது கை காலியாக இருக்க வேண்டும், அந்த ஒரு கையசைவு போதும். முடிவுக்கு, வக்கீல்களுக்காக லிங்கன் எழுதி வைத்த குறிப்பு ஒன்று நன்றாகப் பொருந்தும். நேர்மையான வக்கீலாக இருக்க முடியாது என்று தோன்றினால், வக்கீலாக இல்லாமல் நேர்மையாக இருந்துவிடு என்பது அதன் சாரம். சாரத்தைச் சொல்கிறோம் என்று தெரியும்படி சொல்லுங்கள், மேற்கோள் போல நீட்டி முழக்க வேண்டாம். கெட்டிஸ்பர்க் உரையின் கடைசி வரியை முடிவுக்கு வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் உங்களுக்கு முன்னால் பேசியவர் அதைச் சொல்லியிருந்தால் கைவசம் இன்னொரு முடிவு வேண்டும். ஆறு அட்டைகளோடு ஏழாவதாக ஓர் அட்டையில் அதை எழுதி அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.